கல்லில் காலம் படித்தவர்: இராபர்ட் புரூஸ் ஃபூட்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த குழந்தைக்கும் பென்னிகுயிக்கின் பெயர் தெரியும். பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பிய அந்தப் பொறியாளருக்கு லோயர் கேம்ப்பில் 2013-ஆம் ஆண்டு மணிமண்டபம் எழுந்தது. தைப் பொங்கலன்று அவர் படத்துக்கு மாலை சாத்தும் ஊர்களும் இங்கு உண்டு. நன்றி மறவாத மண் இது. அதே நூற்றாண்டில் அதே ஆங்கில அரசின் ஊழியராகத் தமிழகத்துக்கு வந்து, நம் வரலாற்றின் தொடக்கத்தைப் பல இலட்சம் ஆண்டுகள் பின்னே கொண்டு சென்ற இன்னொருவர் இருந்தார். அவரைப் பற்றி நம் பிள்ளைகள் அறிந்தது பாடநூலில் வரும் ஓரிரு வரிகள். அவையும் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். நம் வட்டத்தில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்பவர்கள்; மீதிப் பேர் பாட்டுக் கட்டுபவர்கள்; இரண்டும் செய்பவர்களும் உளர். பத்தாண்டு நிறைவு மலரில் ஒரு புலவர் வாழ்வுக்குப் பதிலாகக் கல் பொறுக்கிய ஒருவரின் வாழ்வை எழுதத் துணிந்தது அவர்களை நம்பித்தான்.

இராபர்ட் புரூஸ் ஃபூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858-ஆம் ஆண்டு, தம் இருபத்து நான்காம் வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணி ஏற்றுச் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார். எந்த நிலத்தில் எந்தப் பாறை கிடக்கிறது, அதன் அடியில் இரும்பு உண்டா, பொன் உண்டா, நிலக்கரி உண்டா என்று பார்த்து வரைபடம் எழுதித் தருவதுதான் அரசு அவருக்கு இட்ட வேலை. கூடாரம், மாட்டுவண்டி, கையில் ஒரு சுத்தியல் என்று ஆண்டின் பெரும்பகுதி வெட்டவெளியில் கழியும் வாழ்க்கை அது. பழங்கால மனிதனைத் தேடுவது அவருக்கு இட்ட வேலையன்று. அது அவராக மேற்கொண்ட வேலை.

அவர் இங்கு வந்த மறு ஆண்டு, 1859, மனித குலம் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்ததை மாற்றிய ஆண்டு. டார்வினின் நூல் வெளிவந்தது அவ்வாண்டில்தான். பிரான்சு நாட்டில் சோம் ஆற்றங்கரையிலே, அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு மனிதன் செதுக்கிய கற்களும் ஒரே படிவில் கிடக்கின்றன என்று பூஷே த பெர்த் என்ற சுங்கத்துறை அலுவலர் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்; கேட்டவர்கள் நகைத்தார்கள். 1859-இல் பிரெஸ்ட்விச்சும் எவான்சும் இங்கிலாந்திலிருந்து சென்று அந்தக் குழிகளைத் தம் கண்ணால் பார்த்து, அவர் சொன்னது மெய்யென்று அறிவித்தார்கள். அச்செய்தி கடல் கடந்து ஃபூட்டை எட்டியது. சோம் ஆற்றங்கரையில் கிடப்பது பாலாற்றங்கரையில் ஏன் கிடக்கக்கூடாது என்ற கேள்வி அவருக்குள் விழுந்தது. அன்று இந்தியாவில் பணியாற்றிய நிலவியலார் பலருக்கும் அச்செய்தி தெரிந்திருக்கும். பாறையைப் பார்த்தபடியே கல்லையும் பார்த்தவர் இவர்.

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள். சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில், படை அணிவகுப்புத் திடலுக்கு அருகே, சரளை எடுப்பதற்காக வெட்டிய ஒரு சிறு குழி. வெட்டிக் கொட்டிய செம்புறைக் கற்குவியலில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்ற ஒன்று இருந்தது என்பதற்கு முதற்சான்று அன்று அவர் கையில் இருந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

எல்லாக் கல்லும் கல்லாகத் தோன்றும் நம் கண்ணுக்கு, இது மட்டும் கருவி என்று அவர் எப்படிக் கண்டார் என்ற ஐயம் எழுவது இயல்பு. மாணவர்களுக்குச் சொல்லத்தக்க இடம் இதுதான் என்பதால் இங்குச் சற்று நின்று போகலாம். பல்லாவரத்துக் கல் குவார்ட்சைட் என்னும் மிகக் கடினமான வகையைச் சேர்ந்தது. அவ்வகைக் கல்லை ஆறு உருட்டினால் அது உருண்டையாகும். வெயிலும் மழையும் பிளந்தால் கோணலாகப் பிளக்கும். மனிதன் மற்றொரு கல்லால் விளிம்பில் அடித்தால் சிப்பியின் உட்புறம்போலக் குழிந்த ஒரு தழும்பு விழும்; பெயர்ந்த சில்லின் மேல் அடி விழுந்த இடத்துக்குக் கீழே ஒரு சிறு புடைப்புத் தங்கும். ஒரு தழும்பு தற்செயலாக விழலாம். ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பத்து, இரண்டும் ஒரே விளிம்பை நோக்கி, மேலே கூம்பி அடியில் உள்ளங்கைக்கு அடங்கும் வடிவில் விழுந்திருந்தால் அது தற்செயல் அன்று. அடித்தவனுக்கு அடிக்குமுன்பே அந்த வடிவம் மனத்தில் இருந்திருக்கிறது. மொழி இருந்ததா என்று நாம் அறிய வழியில்லாத ஒரு காலத்தில், மனத்தில் ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு அதைக் கல்லில் இறக்கியவன் ஒருவன் இருந்தான் என்பது கவிஞர்களுக்குப் புதிய செய்தியன்று என்றாலும், அதற்குச் சான்று கையில் வைத்துப் பார்க்கும்படி கிடைப்பது வேறு அனுபவம்.

ஒரு கல் கிடைத்ததும் ஃபூட் ஊரைக் கூட்டவில்லை, தேடினார். அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்துக்குப் போனார். கொற்றலையாற்றை அடுத்த அந்த ஊரின் ஓடைக்கரையில் கருவிகள் ஒன்றிரண்டாக அல்ல, கூட்டங்கூட்டமாகக் கிடந்தன. மேற்பரப்பில் கிடந்ததைப் பொறுக்கியதோடு நில்லாமல், ஓடை வெட்டிய கரையில் எந்தப் படிவிலிருந்து அவை வெளிவருகின்றன என்பதையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். 1866-இல் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை இக்கண்டுபிடிப்புகளை உலகுக்குச் சொன்னது. அந்த ஓடைக்கு வயது என்ன என்று அவரால் சொல்ல இயலவில்லை. அதற்கான கருவி அந்த நூற்றாண்டில் இல்லை. 1999 முதல் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அதே இடத்தில் அகழ்ந்தார்கள். 2011-இல் அவர்கள் வெளியிட்ட கணிப்பு, அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என்றது. 2018-இல் வந்த மற்றோர் ஆய்வு, சில்லுக் கருவிகளைக் கொண்ட இடைப்பட்ட கற்காலம் அங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று காட்டியது. ஃபூட் எழுதிவைத்த ஊர்ப்பெயரும் ஓடையும் படிவும் இல்லையேல் அவர்கள் எங்கே போய்த் தோண்டியிருப்பார்கள்?

இங்கே தமிழன்பர்களுக்கு உரிய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். ஃபூட்டின் முதல் மனைவி, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்தி, விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் ஆறுமுக நாவலரின் துணையைப் பெற்ற அதே பெர்சிவல்தான். பிற்காலத்தில் அவர் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். தினவர்த்தமானி என்ற இதழை நடத்தினார். தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி அச்சிட்டார். மாமனார் மக்கள் வாயில் கிடந்ததைப் பொறுக்கினார். மருமகன் மண்ணில் கிடந்ததைப் பொறுக்கினார். இருவருமே தாம் திரட்டியதை எண்ணிட்டு அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள் என்பதை நினைத்தால், அந்த வீட்டு உணவு மேசையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று கற்பனை செய்யத் தோன்றுகிறது. கற்பனைக்கு மேல் அதற்குச் சான்றில்லை.

ஃபூட்டின் பணி அவரைத் தெற்கேயும் கொண்டுவந்தது. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலைப் பற்றிய அவருடைய நூல் 1883-இல் வெளியாயிற்று. தேனி 1996-இல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அந்நாளில் நம் பள்ளத்தாக்கு மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. பெரியாறு அணை இன்னும் எழாத காலம். மேற்கு மலையில் பெய்த மழை முழுவதும் மேற்கே போய்க்கொண்டிருந்த காலம். தெற்கே வந்த ஃபூட், வடக்கே கண்டதைப்போன்ற பழைய கற்கருவிகளை மிகுதியாகக் காணவில்லை. காவிரிக்குத் தெற்கே பழைய கற்கால மனிதன் அருகியே வாழ்ந்தான் என்ற எண்ணம் ஆய்வாளரிடையே நெடுங்காலம் நிலவியது. ஆனால் திருநெல்வேலிச் சீமையின் தேரிகளில், செம்மணல் மேடுகளில், சாயர்புரத்தின் அருகே, மிகச் சிறிய கற்கருவிகள் இருப்பதை ஃபூட் குறித்து வைத்தார். அரைவிரல் நீளம்கூட இல்லாத சில்லுகள் அவை. அக்குறிப்பைப் பின்தொடர்ந்தே இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிறர் வந்து தேரிகளை முறையாக ஆராய்ந்தார்கள்.

அவருடைய மிகச் சிறந்த வேலை தமிழகத்துக்கு வெளியே, பெல்லாரிப் பகுதியில் நடந்தது என்று கருதுகிறேன். பல்லாவரத்துக் கல்லின் புகழ் அதை மறைத்துவிட்டது. பெல்லாரிக்கு அருகே குப்கல் குன்றில் புதிய கற்காலத்தவரின் கோடரித் தொழிற்கூடம் ஒன்றை அவர் கண்டார். மலையிலிருந்து பெயர்த்த கல், பாதி செதுக்கியது, செதுக்கும்போது உடைந்து எறிந்தது, தேய்த்துக்கொண்டிருந்தது, முழுதும் வழுவழுப்பாகிக் கூர் ஏறியது என்று எல்லா நிலையும் ஒரே இடத்தில் கிடந்தன. முடிந்த கோடரியை மட்டும் எடுத்துக்கொண்டு போவதுதான் அக்காலச் சேகரிப்பாளர் வழக்கம். அழகான பொருளுக்குத்தான் மதிப்பு. ஃபூட் உடைந்ததையும் முடியாததையும் பொறுக்கினார். பானை ஓட்டையும் பொறுக்கினார். ஒரு நல்ல கவிதையின் அடித்தல் திருத்தல் நிறைந்த கைப்படியைப் பார்த்தவர்களுக்கு, அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று விளக்க வேண்டியதில்லை. செய்து முடித்த பொருள் அதைச் செய்தவனின் திறமையைக் காட்டும். பாதியில் நின்ற பொருள் அவன் எப்படி யோசித்தான் என்பதைக் காட்டும்.

அப்பகுதியில் ஆங்காங்கே பெரிய சாம்பல் மேடுகள் உண்டு. அரக்கர்களை எரித்த சாம்பல் என்பது ஊரார் சொல்லும் கதை. அவை புதிய கற்கால மக்களோடு தொடர்புடையவை என்று ஃபூட் உணர்ந்தார். அதற்கு நெடுநாள் கழித்து, 1957-இல், உட்னூரில் ரேமண்ட் ஆல்ச்சின் அகழ்ந்தபோது, அவை மாட்டுத் தொழுவங்களில் சேர்ந்த சாணம் மீண்டும் மீண்டும் எரிந்து உண்டான மேடுகள் என்பது தெளிவாயிற்று. மாட்டின் குளம்படிகளும் அங்கே பதிந்திருந்தன. வெட்சியும் கரந்தையும் படித்த நமக்கு இது எவ்வளவு நெருக்கமான செய்தி! ஆநிரையே செல்வமாக இருந்த ஓர் உலகம், இலக்கணம் அதைத் திணையாக வகுப்பதற்கு ஈராயிரம் ஆண்டுக்கும் முன்பே, சாம்பலில் தன் அடையாளத்தை விட்டுச் சென்றிருக்கிறது.

அவர் சொன்னதெல்லாம் நிலைத்துவிடவில்லை. 1884-இல் தொடங்கிக் கர்நூல் பகுதியின் பில்லா சுர்கம் குகைகளை அவரும் அவர் மகன் ஹென்றியும் அகழ்ந்தார்கள். அங்கே கிடைத்த எலும்புகளில் சிலவற்றை மனிதன் செய்த கருவிகள் என்று அவர் வகைப்படுத்தியதைப் பின்வந்தோர் ஐயுற்றனர். பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே மனிதனே இல்லாத ஒரு பெரும் இடைவெளி இருந்தது என்று அவர் எண்ணினார். அந்த இடைவெளியைப் பிற்கால ஆய்வுகள் சிறுகச் சிறுக நிரப்பிவிட்டன. தேரியில் அவரே கண்ட சிறு சில்லுகளும் அந்த நிரப்பலில் சேர்ந்தன என்பதுதான் வேடிக்கை. தம் கருத்துக்கு எதிரான சான்றையும் எண்ணிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கருத்து வீழ்ந்தது, பெட்டி நிற்கிறது.

1891-இல் நிலவியல் துறையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவில்தான். பரோடா அரசு அவரை அழைத்துக்கொண்டது. 1893-இல் சபர்மதி ஆற்றங்கரையில் பழைய கற்கருவிகளைக் கண்டார். 1941-இல் எச். டி. சங்காலியா குசராத்தில் தம் புகழ்பெற்ற களப்பயணத்தைத் தொடங்கியபோது ஃபூட் குறித்த இடங்களைத் தேடிக்கொண்டே போனார். மைசூர் அரசின் நிலவியல் பணியையும் அவர் சிலகாலம் கவனித்தார். பிறகு சேர்வராயன் மலையில், ஏற்காட்டில் தங்கினார். அங்கும் சும்மா இருக்கவில்லை. அந்த மலையின் புதிய கற்காலக் கோடரிகள் அவர் திரட்டில் சேர்ந்தன. அத்தகைய வழுவழுப்பான கோடரிகளைச் சவ்வாது மலை மக்கள் கோயிலில் வைத்துப் பிள்ளையாராக வணங்குவதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். உழும்போது மண்ணிலிருந்து வெளிப்பட்ட, மனிதக் கை பட்ட, ஆனால் எந்த மனிதனும் நினைவில் வைத்திராத ஒரு பொருளைக் கண்டவன் அதைக் கோயிலில் வைத்தான். அருங்காட்சியகம் என்ற சொல் பிறப்பதற்கு முன் நம்மவர் கண்டுகொண்ட அருங்காட்சியகம் அது என்றுகூடச் சொல்லலாம்.

இனி உண்மையான அருங்காட்சியகத்துக்கு வருவோம். சென்னை அருங்காட்சியகம் 1851-இல் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவரின் முயற்சியால் தோன்றியது. முதலில் அது நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலைக் கட்டடத்தில் இருந்தது. பின்னரே எழும்பூருக்கு இடம் மாறியது. சென்னை மக்கள் அதைச் செத்த காலேஜ் என்று அழைத்தார்கள். உயிருள்ள விலங்குகள் இருந்த காட்சிச்சாலை உயிர் காலேஜ். முதலில் இருந்த கல்லூரிக் கட்டடத்தால் வந்த பெயராக இருக்கலாம். எனினும் எழுத்தறியாத மக்கள் ஓர் அருங்காட்சியகத்தைக் கல்லூரி என்றே சொன்னார்கள் என்பது நம் கவனத்துக்குரியது. காணும் பொங்கலன்று வண்டி கட்டிக்கொண்டு வந்து அவர்கள் அந்தக் கல்லூரியில் ஒருநாள் மாணவராக இருந்துவிட்டுப் போனார்கள்.

1904-ஆம் ஆண்டு ஃபூட் நாற்பதாண்டுக்கு மேல் சேர்த்த தம் திரட்டு முழுவதையும் இந்த அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அரசு ஊழியர் ஒருவர் பணிக்காலத்தில் சேர்த்ததை அரசுக்கே விற்றது முறையா என்று கேட்பவர்கள் கேட்கலாம். ஆனால் வேறென்ன நடந்திருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அமராவதிச் சிற்பங்களில் ஒரு பெரும் பகுதி 1859-இல் கப்பலேறி இலண்டன் சேர்ந்தது. ஆதிச்சநல்லூரில் 1876-இல் தோண்டிய ஜாகோர் தாம் எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அந்தத் தாழிகளைப் பார்க்கத் தாமிரபரணிக் கரைப் பிள்ளை செருமனிக்குப் போக வேண்டும். பல்லாவரத்துக் காலத்துக் கருவிகளைப் பார்க்கத் தமிழ்ப் பிள்ளை எழும்பூர் வரை போனால் போதும். இந்த வேறுபாடு சிறிதன்று.

பொருளை விற்றதோடு ஃபூட் கைகழுவிவிடவில்லை. 1901-இலேயே அருங்காட்சியகத்திலிருந்த தொல்பழங்காலப் பொருள்களுக்கு அவர் ஒரு விளக்க அட்டவணை எழுதித் தந்திருந்தார். இப்போது தம் திரட்டுக்கும் எழுதத் தொடங்கினார். நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், என்ன பொருள், என்ன கல், எந்த ஊர், எந்த மாவட்டம். எழுபது வயதைக் கடந்த ஒருவர் தம் இளமையில் பொறுக்கிய கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கிடைத்த இடத்தை எழுதிக்கொண்டிருக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அதை அச்சில் காணும்வரை அவர் இருக்கவில்லை. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அவருடைய அட்டவணை நூல் 1914-இலும், கருவிகளின் காலமும் பரவலும் பற்றிய குறிப்புகளும் படங்களும் கொண்ட இரண்டாம் நூல் 1916-இலும் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தன. அவருடைய நினைவுக்கல் ஏற்காட்டுத் தூய திரித்துவத் தேவாலயத்தில் இருக்கிறது.

அந்த இரண்டு நூல்களையும் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அவை உலர்ந்த நூல்கள். எண்ணும் ஊர்ப்பெயருமே பெரும்பாலும். ஆனால் ஓர் ஆசிரியர் அதிலிருந்து பாடம் நடத்தும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். பள்ளிச் சுற்றுலாப் பேருந்து அருங்காட்சியகத்தில் அரைமணி நேரமும் கடற்கரையில் இரண்டு மணி நேரமும் நிற்பதைப் பலரும் பார்த்திருப்போம். வரிசையாக நுழைந்து வரிசையாக வெளியேறும் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆயிரம் பொருளைப் பார்த்து, ஒரு பொருளையும் காணாமல் வருகிறார்கள். ஃபூட் ஒரு கல்லின் முன் நின்றதுபோல ஒரு பிள்ளை ஒரே பொருளின் முன் கால்மணி நேரம் நிற்குமானால் வேறு கதை. எதனால் ஆனது, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, வலக்கையில் பிடித்தால் எங்கே கட்டைவிரல் வரும், எங்கிருந்து வந்தது, உடனிருந்தவை எவை என்று கேட்டுக்கொண்டே போகலாம். கடைசிக் கேள்விதான் முதன்மையானது. கிடைத்த இடம் தெரியாத கோடரி வெறும் அழகான கல். உடனிருந்த பானையோடும் சாம்பலோடும் எலும்போடும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது ஒரு வீட்டுக்காரனின் கோடரியாகிறது. திருவள்ளூர்ப் பக்கம் போகிறவர்கள் பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில், ஃபூட் நடந்த நிலத்திலேயே, அந்நிலத்துக் கருவிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அவ்வளவு தொலைவு போக இயலாதவர்களுக்கு நம் பள்ளத்தாக்கே திறந்து கிடக்கிறது. உத்தமபாளையத்துக் கருப்பணசாமி பாறையில் சமணத் தீர்த்தங்கரர் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள், அடியில் வட்டெழுத்து. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடு, மதுரையில் சங்கம் இருந்ததையும் பாரதம் தமிழில் செய்யப்பட்டதையும் சொல்கிறது. இலக்கிய வட்டம் ஒன்று பெருமை கொள்ள இதைவிட என்ன வேண்டும்? 2013-14-இல் மத்தியத் தொல்லியல் துறை வைகையின் இருகரையும் நடந்து 293 இடங்களைக் குறித்தது. அந்த நடை நம் மாவட்டத்து மலையடிவாரத்தில் தொடங்கிக் கடல்வரை போயிற்று. அப்பட்டியலில் ஓர் இடமான கீழடிக்கு 2015-க்குப் பிறகு உலகப் புகழும், 2023-இல் தனி அருங்காட்சியகமும் கிடைத்தன. மற்ற இடங்கள் பலவற்றின் பெயர் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியாது. நிலம் திருத்தும் இயந்திரத்துக்குத் தாழிக்கும் மண்ணாங்கட்டிக்கும் வேறுபாடு தெரியாது. அதை ஓட்டுபவருக்கு யாரேனும் சொன்னால்தான் தெரியும். ஃபூட் காலத்தில் சரளைக் குழி வெட்டியவர்கள் ஒரு பொருளை வெளிக்கொணர்ந்தார்கள்; எடுத்துப் பார்க்க ஒருவர் அங்கே இருந்தார். இன்று வெட்டும் குழிகள் அன்றைப்போலப் பல மடங்கு.

ஆயினும் பார்ப்பவர் இல்லாமல் போகவில்லை. 2006-ஆம் ஆண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள் பேராசிரியர் கா. இராசன் வழிகாட்டலில் வைகைக் கரையில் ஊர் ஊராகத் தேடி வந்தபோது, ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் மூன்று நடுகற்களைக் கண்டார்கள். பெருங்கற்கால ஈமக்காட்டைச் சேர்ந்த கற்கள் அவை. அவற்றில் தமிழி எழுத்து இருந்தது. அதுவரை தமிழ்நாட்டில் கிடைத்திருந்த எழுத்துடைய நடுகற்கள் பல நூற்றாண்டு பிந்தியவை. இவை கிறிஸ்துவுக்கு முற்பட்டவை என்று கண்டவர்கள் கணித்தனர். ஒரு கல், கூடலூரில் நடந்த ஆகோளில் மாண்ட அந்தவன் என்பவனுக்கு எடுத்தது. ஆகோள் என்ற சொல்லை நாம் இலக்கணத்தில் துறைப் பெயராகப் படித்தோம்; நடுகல்லைப் புறநானூற்றில் படித்தோம். அச்சொல்லே கல்லில், நாம் பேருந்தில் கடந்துபோகும் ஊரின் அருகே, மண்ணில் கிடந்திருக்கிறது. அந்தக் கூடலூர் நம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கும் கூடலூராக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அப்படியானால் அந்தவன் விழுந்த இடத்துக்கும் கல் நின்ற இடத்துக்கும் இடையே உள்ள வழி முழுவதும் நம் வட்டத்து அன்பர்களின் ஊர்கள்.

ஃபூட் தேடியது கல்லில் செதுக்கிய கையை. மாணவர் கண்டது கல்லில் எழுதிய பெயரை. மூன்று கற்களில் ஒன்று உடைந்தது. அதன் மேற்பகுதி இல்லை. எழுத்து நடுவிலிருந்து தொடங்குகிறது.